கை சொன்னது போனில் போகவில்லை

தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலை எங்களுடையது. டப்பாவை வேறு யாரோ செய்கிறார்கள். மூடி மட்டும் எங்களிடமிருந்து போகிறது. ஒரே கூரையின் கீழ் நான்கு பிரஸ்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் தகரத்தை அறையும். கூடத்துக்குள் நுழைந்தால் பல்லெல்லாம் அதிரும். அங்கே வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பதால் கூடத்துக்கென்று ஒரு கைமொழி உண்டு. கன்னத்தில் உள்ளங்கையை வைத்தால் பிரஸ் படுத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் குறுக்கே வீசினால் நிறுத்து. சுண்டு விரலைக் காட்டினால் தகரம் மெலிசாக வருகிறது. வேலைக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் பதினேழு வருடம் ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்கு வேலைப் பேச்சு மட்டும் போதுமா? ஒரு முழு மாமியார் சண்டையை, யார் முதலில் கதவைச் சாத்தினார்கள் என்பது உட்பட, கையாலேயே சொல்லி எதிர்ப் பிரஸ்காரியைச் சிரிக்க வைத்த ஒருவர் எங்கள் கூடத்தில் இருந்தார்.

அவரை எல்லோரும் பிசிறக்கா என்றுதான் கூப்பிடுவோம். வெட்டுப்பட்ட தகரத்தின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; அதுதான் பிசிறு. மூடியின் விளிம்பில் பெருவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பிசிறு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். நான் பிரஸ்களுக்கு டை மாட்டுகிறவன். டை என்பது தகரத்தை வெட்டி வளைக்கும் இரும்பு அச்சு. என் வேலையில் உள்ள குறையை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் அவருடைய நகம்தான். அதற்காக அவரிடம் நான் கோபித்துக்கொண்டதும் உண்டு.

வருடத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை நடக்கும். அந்த வருடம் டாக்டர் பிசிறக்காவின் தாளில் நீளமாக எழுதிவிட்டார். இடது காது பெரும்பாலும் போய்விட்டது, வலது காதைக் காப்பாற்ற வேண்டுமானால் இனிமேல் கூடத்துக்குள் நிற்கக் கூடாது. மூடியை அடுக்கிக் கட்டும் இடமும் கூடத்துக்குள்தான் இருக்கிறது. வெளியே என்று பார்த்தால் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. வாடிக்கையாளர்கள் குறை சொல்லக் கூப்பிடும் போனுக்கு முன்னால் இருக்கும் நாற்காலி அது.

மேலாளர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூடியப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்ல. மூணு மாசம் உக்காந்து பாருங்க. சரிப்பட்டா அங்கயே இருந்துடலாம்."

"சரிப்படலன்னா சார்?"

"அப்ப பாக்கலாம்."

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது பிசிறக்காவுக்குத் தெரியும். கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மழை மாதங்களில் அவருக்கு வேலை இருக்காது. மகள் பதினொன்றாம் வகுப்பு. இந்த நாற்காலி போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அலுவலக அறை கண்ணாடிக் கதவு போட்டது. எதிர் மேசையில் லாரிகளை அனுப்பும் பெண் இருந்தாள். அவளை எல்லோரும் லாரி என்றுதான் சொல்வோம். ஆள் ஊதினால் பறந்துவிடுவாள். பெயர் மட்டும் அப்படி. முதல் இரண்டு வாரம் போன் அதிகம் வரவில்லை. வந்ததும் சின்னச் சின்ன விஷயம்: எண்ணிக்கை குறைகிறது, பெட்டி நசுங்கியிருக்கிறது. பிசிறக்கா கேட்டுக்கொண்டார், குறித்துக்கொண்டார், வைத்துவிட்டார். இவ்வளவுதானா என்று கூட இருந்ததாம் அவருக்கு.

மூன்றாவது வாரம் மீன் டப்பா ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். எங்களிடம் அதிக மூடி வாங்குகிற இடம் அது. பேசியவர் அங்கே மூடி போடும் வரிசைக்குப் பொறுப்பானவர். மூடியின் உள்பக்கப் பூச்சு சில இடங்களில் உரிந்திருக்கிறது என்று அவர் சொன்னார். உள்பூச்சு உரிந்தால் மீனில் தகரத்தின் வாடை ஏறிவிடும். அவர் விவரமெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்ப இந்த மூடியையே போட்டு ஓட்டட்டுமா?" என்று கேட்டார்.

பிசிறக்கா பதில் சொன்னார். அந்த ஆள் நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் காலையில் மேலாளர் அந்த அறைக்கே வந்துவிட்டார். மீன் ஆலையில் ஆறாயிரம் டப்பாவை ஓட்டி முடித்து, பிறகு பிரித்துப் பார்த்து, அத்தனையையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம்.

"நீங்க அவர்கிட்ட என்னம்மா சொன்னீங்க?"

"நிறுத்தச் சொன்னேன் சார்."

"ஓட்டலாமான்னு கேட்டதுக்கு நீங்க 'ம்'னு சொன்னதா அவர் சொல்றாரு."

"இல்ல சார். நிறுத்தச் சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பிசிறக்கா பொய் சொல்கிறவர் இல்லை. மேலாளருக்கும் அது தெரியும். அவர் திகைத்துப்போய் நின்றபோது எதிர் மேசையிலிருந்து லாரி எழுந்தாள்.

"சார், அக்கா சொல்றது உண்மைதான். நான் பாத்தேன்."

"பாத்தியா, கேட்டியா?"

"பாத்தேன் சார். போனப் பிடிச்ச கையையும் சேத்து ரெண்டு கையையும் இப்படிக் குறுக்க வீசுனாங்க. ரெண்டு தடவ வீசுனாங்க. எனக்கே நல்லாப் புரிஞ்சுது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "போனுக்குத்தான் புரியல போல."

மேலாளர் சிரிக்கவில்லை. லாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிசிறக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் வாயிலிருந்து வரும் 'ம்' என்பதற்கு அர்த்தமே கிடையாது. நீ கை காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதைக் கை சொல்லும். பதினேழு வருடப் பழக்கத்தில் அவருடைய கை சொல்லிவிட்டது. சொல்லியாகிவிட்டது என்று மனசும் நம்பிவிட்டது. மீன் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த 'ம்' மட்டும்.

"மூணு மாசம்னு சொன்னேன்," என்றார் மேலாளர். "அதுல மாத்தமில்ல. ஆனா இன்னொன்னு இந்த மாதிரி ஆச்சுன்னா மூணு மாசம் வரைக்கும் போகாது."

மதியம் சாப்பிடும்போது லாரி கேட்டாள், "சரி, கை பழக்கம். அத விடுங்க. அவரு பூச்சு, உள்பக்கம், எத்தன பெட்டின்னு அவ்வளவு விவரமா சொன்னாருல்ல. நீங்க ஒரு கேள்வி கூட கேக்கலையே, ஏன்?"

பிசிறக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். "அவர் சொன்னதுல பாதி எனக்குக் கேக்கல."

"திரும்பச் சொல்லச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? காது கேக்காதவள எதுக்குப் போன்ல உக்கார வெச்சிருக்கீங்கன்னு அவர் மேல கேப்பாரு. மேல இருக்கறவர் என்னைக் கேப்பாரு."

"அதுக்குன்னு?"

"அதுக்குத்தான் 'ம்'."

மறுநாள் லாரி ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து பிசிறக்காவின் மேசையில் வைத்தாள். வலது கையில் பேனா இருக்க வேண்டும், இடது கை தொடைக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு. போனை எப்படிப் பிடிப்பது என்று பிசிறக்கா கேட்டார். அதற்குத் தோள் இருக்கிறதே என்றாள் லாரி. போன் வரும்போதெல்லாம் எதிரிலிருந்து ஒரு கண் வைத்திருப்பாள். "அக்கா, கை வெளிய வருது. உள்ள போடுங்க." கைக்குக் காவல் போட்டாகிவிட்டது. கை சொல்லிக்கொண்டிருந்ததை வாய் சொல்லக் கற்க வேண்டாமா? அது வீட்டில் நடந்தது.

மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் பள்ளிக்கூட வாசல் வரை நிற்காது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் உம்மென்று வந்தாள். வகுப்பில் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்தார்களாம். ஒருத்தி கையில் ஒரு படம். அவள் அதை வாயால் சொல்ல வேண்டும். மற்றவள் பார்க்காமல் வரைய வேண்டும். இவள் சொல்லி வரையப்பட்ட படம்தான் வகுப்பிலேயே மோசம். "எல்லாம் சொன்னேம்மா. ஒண்ணு விடாம சொன்னேன். அவளுக்குத்தான் வரையத் தெரியல." அடுத்த வாரமும் இது உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

"நாம போட்டுப் பாப்போமா?" என்றார் பிசிறக்கா. மகளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டார்.

சமையலறைத் தரையில் இருவரும் முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். படம் போட்டுக் கொடுத்தது அப்பா. பெயின்ட்காரர் இல்லையா, ஏணியைத் தவிர அவருக்கு வேறென்ன தோன்றும்? சுவரில் சாய்ந்த ஏணி, மூன்றாவது படியில் தொங்கும் வாளி, வாளியில் ஒரு பிரஷ். முதலில் அம்மா சொல்ல, மகள் வரைய வேண்டும்.

"ஒரு ஏணி இருக்கு. இப்படிச் சாஞ்சிருக்கு."

"எப்படி?"

"இப்படித்தான்."

"அம்மா, என் முதுகுல கண்ணு இல்ல."

"சரி. அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. இங்க ஒரு வாளி. அதுக்குள்ள அது நிக்குது."

"எது?"

"அதான், அப்பா கையில வெச்சிருப்பாரே."

"டீ கிளாஸா?"

அப்பா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். வரைந்த தாளில் ஏணி படுத்திருந்தது. வாளி வானத்தில் பறந்தது. அதற்குள் ஒரு டீ கிளாஸ். "இந்த ஏணியில ஏறி நான் எங்க போறதாம்?" என்றார் அவர்.

பிசிறக்கா சிரிக்கவில்லை. தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லாரி கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எழுதினார்: இப்படி, அப்படி, இங்கே, அங்கே, அது, இது, அந்த மாதிரி. "இந்த வார்த்தையெல்லாம் கையோட சேந்தது," என்றார். "கை இல்லன்னா இதுக்கு உயிர் இல்ல. இனிமே இத நான் சொன்னா நீ பென்சிலக் கீழ போட்டுடு."

பென்சில் அன்றைக்குப் பத்தொன்பது முறை கீழே விழுந்தது. மகள்தான் எண்ணினாள். மறுநாள் பதினொன்று. எதைச் சொன்னாலும் எதிலிருந்து, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியிருந்தது. 'தாளின் இடது ஓரத்தில் ஒரு சுவர். சுவரின் உச்சியில் ஏணியின் தலை. ஏணியின் கால் தாளின் நடுவில்.' இப்படிச் சொல்லிவிட்டால் வரைகிறவளுக்குச் சந்தேகம் வருவதில்லை. வட்டமான பொருள் வந்தபோது மட்டும் இருவரும் திண்டாடினார்கள். வண்டிச் சக்கரத்தில் ஒரே ஒரு கம்பி வளைந்திருந்தது. எந்தக் கம்பி என்று எப்படிச் சொல்வது? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "காத்தடிக்கற வால்வ பன்னெண்டு மணின்னு வெச்சுக்கோ. வளைஞ்ச கம்பி எட்டு மணில இருக்கு."

மகள் சொல்லும் முறை வந்தபோது வேறு தொல்லை. அவள் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அருவி மாதிரி கொட்டும். முதல் வாக்கியத்தை அம்மா வரைந்து முடிப்பதற்குள் ஏழாவது வாக்கியம் போய்க்கொண்டிருக்கும். முதல் நாள் பிசிறக்கா அவளை நிறுத்தாமல் வரைந்துகொண்டே இருந்தார். கேட்காத இடங்களில் தோன்றியதைப் போட்டார். படம் கண்றாவியாக வந்தது.

"நீ ஏம்மா நிறுத்தல? 'ம்', 'ம்'னு சொல்லிக்கிட்டே இருந்தியே. உனக்குப் புரியுதுன்னு நெனச்சு நான் போய்க்கிட்டே இருந்தேன்."

அந்தக் கேள்விதான் தன்னை உலுக்கியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். மகளிடம் 'கேட்கவில்லை' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அப்படியானால் யாரிடம்தான் சொல்லப் போகிறோம்?

மறுநாள் மகள் மூன்றாவது வாக்கியத்தில் இருக்கும்போதே, "நில்லு," என்றார். "இதுவரைக்கும் நான் வரைஞ்சத சொல்றேன். சரியா தப்பான்னு நீ சொல்லு." சொன்னார். இரண்டு சரி, ஒன்று தப்பு. திருத்திக்கொண்டு, "இப்ப மேல போ," என்றார். மகளுக்கு முதலில் எரிச்சல். போகப் போக அவளே மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "வந்துச்சா?" என்று கேட்கத் தொடங்கினாள். அடுத்த வாரம் வகுப்பில் அவளுக்கு நடுத்தரமான மதிப்பெண் கிடைத்தது. ரேடியோவைக் கொஞ்சம் மெதுவாகப் பாட வைத்ததே பெரிது என்றார் அப்பா.

அலுவலகத்திலும் வித்தியாசம் தெரிந்தது. பிசிறக்கா பதில்களை வாயால் சொன்னார். கேட்டதை எழுதித் திருப்பிப் படித்தார். காது விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நிதானமாகப் பேசுகிற வாடிக்கையாளர்கள் கூப்பிட்டவரை அது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராவது வாரம் மீன் ஆலைக்காரர் கூப்பிட்டார்.

"யாரு? அந்த 'ம்' அம்மாவா?"

"ஆமா சார். நான்தான்."

"வேற ஆள் யாரும் இல்லையா அங்க?"

"இல்ல சார். நான் மட்டும்தான்."

அவ்வளவுதான், அவர் கொட்ட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூடி, மாட்டுது, ரெண்டு ரெண்டா, லோடு மொத்தமும், திருப்பி. தண்ணீருக்குள் மூழ்கியவர் அவ்வப்போது தலையை வெளியே நீட்டுவது போல வார்த்தைகள் வந்து வந்து மறைந்தன. பிசிறக்காவின் தொண்டை வரைக்கும் 'ம்' வந்துவிட்டது. எதிரே லாரி ஏதோ கடிதத்தில் மூழ்கியிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க," என்றார் பிசிறக்கா.

மறுமுனை நின்றது.

"எனக்கு ஒரு காது கேக்காது சார். பதினேழு வருஷம் பிரஸ் பக்கத்துல நின்னதுல போச்சு. இன்னொரு காதுலதான் உங்களக் கேக்கறேன். உங்க பின்னால மிஷின் ஓடுது. நீங்க சொன்னதுல மூணுல ஒரு பங்குதான் எனக்கு வந்துச்சு. அத வெச்சுக்கிட்டு நான் பதில் சொன்னா போன தடவ மாதிரிதான் ஆகும். சத்தம் இல்லாத எடத்துக்கு வந்து பேச முடியுமா?"

லாரி நிமிர்ந்து பார்த்தாள். போனில் எந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார், அடுத்த போன் மேலாளருக்குத்தான் போகும் என்று பிசிறக்கா நினைத்தார். பிறகு ஒரு கதவு சாத்தப்படும் ஓசை. சத்தம் அப்படியே அறுந்தது.

"இப்ப?"

"நல்லாக் கேக்குது சார்."

"போன தடவையும் கேக்கலையா உங்களுக்கு?"

"பாதி கேக்கல. அத அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

அவர் பெருமூச்சு விட்டார். "கத்திக் கத்தி எனக்கும் தொண்ட போச்சும்மா. சரி, கேளுங்க. மூடி சரியில்ல. மிஷின் ஒரு மூடி எடுக்க வேண்டிய எடத்துல ரெண்டு மூடி ஒண்ணா இறங்குது. மாட்டிக்கிட்டு நின்னுடுது. காலைலேர்ந்து ஒன்பது தடவ நின்னாச்சு. மொத்த லோடையும் திருப்பி அனுப்பப் போறேன்."

"ரெண்டு மூடி ஒட்டிக்கிட்டு இறங்குது. காலைலேர்ந்து ஒன்பது தடவ. சரியா சார்?"

"சரி."

"உங்க பக்கத்துல மூடிக் கட்டு இருக்கா? பத்துக் கட்டுலேர்ந்து ஒவ்வொரு மூடி எடுத்துட்டு வாங்க சார். நான் போன்லயே இருக்கேன்."

எங்கள் மூடிகள் நீளமான காகித உறையில் அடுக்கிப் போகும். ஒரு உறையில் இருப்பதெல்லாம் ஒரே பிரஸ்ஸில் அடித்தவை. மூடியின் ஓரத்தில் ஒரே இடத்தில் சின்னப் புள்ளிகள் மேடாக இருக்கும். முதல் பிரஸ்ஸுக்கு ஒரு புள்ளி, நான்காவதுக்கு நான்கு. அவர் பத்து மூடியோடு திரும்பி வந்தார்.

"ஒரு மூடிய எடுங்க. ஓரத்துல புள்ளி இருக்கு பாருங்க. அது மேடாத் தெரியுற பக்கம் மேல இருக்கட்டும். அந்தப் புள்ளிய கடிகாரத்துல பன்னெண்டு மணின்னு வெச்சுக்கங்க. வெச்சுட்டீங்களா?"

"வெச்சாச்சு."

"பெருவிரல் நகத்த பன்னெண்டுலேர்ந்து ஆரம்பிச்சு விளிம்போட ஒரு சுத்து ஓட்டுங்க. மெதுவா. எங்கயாவது நகம் தடுக்குதா?"

"இல்ல. வழவழன்னு போகுது."

"எத்தன புள்ளி?"

"ஒண்ணு."

"அடுத்தது."

நான்காவது மூடியில் அவர் குரல் மாறியது. "தடுக்குது. முள்ளு மாதிரி இருக்கு. நாலு மணி... இல்ல, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

"எத்தன புள்ளி சார்?"

"மூணு."

பத்தையும் பார்த்து முடித்தார்கள். மூன்று மூடிகளில் பிசிறு இருந்தது. மூன்றிலும் மூன்று புள்ளி, மூன்றிலும் அதே இடம். மற்ற ஏழும் சுத்தம்.

"இப்ப நான் சொல்றேன், தப்பா இருந்தா நிறுத்துங்க," என்றார் பிசிறக்கா. "மூணு புள்ளி இருக்கற மூடில மட்டும்தான் பிசிறு. அந்த முள்ளு அடுத்த மூடியப் பிடிச்சுக்குது, அதனால ரெண்டா இறங்குது. மூணு புள்ளிக் கட்டையெல்லாம் தனியா எடுத்து வைங்க. அத ஓட்டாதீங்க. மத்த மூணு வகையையும் ஓட்டுங்க. பழையபடி மாட்டுச்சுன்னா அதையும் நிறுத்திட்டு எனக்கு உடனே சொல்லுங்க. நான் சொன்னத நீங்க ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க சார்."

"என்னம்மா, பள்ளிக்கூடமா நடத்தறீங்க?"

"போன தடவ நடத்தாமத்தான் ஆறாயிரம் டப்பா போச்சு."

அவர் சிரித்துவிட்டுத் திருப்பிச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் பிசிறக்கா கூடத்தின் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை, டாக்டர் சொன்னதை அவர் மீறுவதில்லை. நான் வெளியே போனேன். கையால் ஏதோ காட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்; ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். 'மூன்றாம் பிரஸ். புள்ளி மேடாக இருக்கும் பக்கம் மேலே இருக்கும்போது, புள்ளி பன்னிரண்டு என்றால், நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் பிசிறு. மீன் ஆலைக்காரர் நகத்தால் பார்த்துச் சொன்னது. நான் பார்க்கவில்லை.'

எந்தப் பக்கம் மேலே என்று எழுதாமல் விட்டிருந்தால் டையில் நான் எதிர்ப் பக்கம் தேடியிருப்பேன். இருபது வருடமாகக் குறிப்புகள் வாங்குகிறேன். 'மூடி சரியில்லை, பார்க்கவும்' என்பதற்கு மேல் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. தான் பார்த்ததையும் கேட்டதையும் பிரித்து எழுதுகிறவரை நம்பி எந்திரத்தை நிறுத்தலாம். நிறுத்தினேன். டையைக் கழற்றினேன். அவர் சொன்ன இடத்தில் கடுகளவு ஒரு சில் பெயர்ந்திருந்தது. அன்று மாலைக்குள் வேறு டை மாட்டிவிட்டேன். மீன் ஆலையிலிருந்து மூன்று புள்ளிக் கட்டுகள் மட்டும் திரும்பி வந்தன.

மூன்று மாதம் முடிந்த அன்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மாலை வரை காத்திருந்துவிட்டு பிசிறக்காவே மேலாளர் அறைக்குப் போனார். நோட்டையும் எடுத்துக்கொண்டார். நான் அப்போது புது டைக்குக் கையெழுத்து வாங்க அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் இத்தனை வருடத்தில் அவர் தானாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

"சார், மூணு மாசம் இன்னையோட முடியுது."

"அப்படியா? நல்லாத்தான் போகுது. பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா எத எதப் பாக்கணும்னு சொன்னீங்கன்னா நான் எழுதிக்குவேன் சார்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல்ல அந்த ஆறாயிரம் டப்பா. அது திரும்ப நடக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிசிறக்கா நோட்டைத் திறந்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு போனுக்கும் ஒரு பக்கம். என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார், எதிர்முனை அதை எப்படித் திருப்பிச் சொன்னது என்று மூன்று பகுதி. மேலாளர் ஏழெட்டுப் பக்கம் புரட்டினார்.

"இன்னொன்னு," என்றார். "காது கேக்காதுன்னு வாடிக்கையாளர்கிட்டயே சொல்றீங்களாமே. கம்பெனிக்கு அது நல்லாவா இருக்கு?"

பிசிறக்காவின் இடது கை மேலே எழுந்தது. அதை நோட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். "சொல்லாம இருந்தப்ப ஆறாயிரம் டப்பா போச்சு சார். சொன்னதுக்கு அப்புறம் ஒரு டப்பா கூடப் போகல."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் டைத் தாளைப் பார்த்தேன்.

"சரி," என்றார் அவர். "நாற்காலி உங்களுது."

"நிரந்தரமா சார்?"

"நிரந்தரமா."

"எதிர்முனைக் குரலக் கூட்டி வெச்சுக்கற மாதிரி போன் இருக்கு சார். அது ஒண்ணு வேணும். இருந்தா யாரையும் கதவச் சாத்திட்டு வரச் சொல்ல வேண்டியதில்ல."

"எழுதிக் குடுங்க."

"எழுதியே கொண்டு வந்திருக்கேன்." நோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினார். "ஒரு தடவ படிக்கறேன், சரியான்னு பாருங்க சார். புகார் போன் என் பொறுப்பு, நிரந்தரமா. புது போன் அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள."

"பத்தாம் தேதின்னு நான் சொல்லவே இல்லையே."

"சொல்லல சார். அதனாலதான் கேக்கறேன்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். பத்தை அடித்துப் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிசிறக்கா அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, நாளை எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி வெளியே போனார்.

புது போன் பதினெட்டாம் தேதி வந்தது. மூன்று நாள் தாமதம் என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.